பிடி தளர்ந்த வருஷம்

என் கணவரை நான் முதன்முதலாகக் கவிழ்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில். மல்லாந்து கிடந்த நான், எனக்கு முன்னால் முழங்காலிட்டிருந்த அவரைப் பக்கவாட்டில் உருட்டிவிட்டு அவர் வயிற்றின்மேல் ஏறி உட்கார்ந்தேன். சுற்றி இருந்தவர்கள் கைதட்டினார்கள். எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற தம்பி, "அப்படித்தானுங்க்கா, அருமை" என்றார். கீழே கிடந்த என் கணவரும் சிரித்தார். எழுந்து உட்காரும்போது அவர் வலது கையை ஒருமுறை உதறிக்கொண்டார். அதைப் பார்த்ததும் என் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

ஏன் நின்றது என்பதற்கு அந்த விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

எங்கள் பனியன் ஊரின் ராயபுரத்தில் ஒரு பழைய குடோனின் மாடி அது. அந்தத் தம்பி பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தபோது பிரேசிலியன் ஜியு-ஜிட்ஸு கற்றுக்கொண்டவர். பின்னல் துணியை அழுத்திச் சீராக்குகிற அப்பாவின் காம்பாக்டிங் யூனிட்டைப் பார்த்துக்கொள்ள ஊர் திரும்பியவர், மாடி முழுக்க மெத்தை விரித்துப் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டார். நான் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து, துணி வாங்குகிற வெளிநாட்டுப் பையருக்கு மெயில் போடுவதும், கலர் சரியாக வரவில்லை என்று டையிங்காரர்களோடு மல்லுக்கட்டுவதும்தான் வேலை. உடம்பை அசைக்க ஏதாவது வேண்டும் என்று விசாரித்துக்கொண்டு அங்கே போனேன். பெண்கள் ஒருவரும் இல்லை. தம்பி தயங்கினார்.

"அக்கா, இது கட்டிப் பொரள்ற ஆட்டமுங்க. எதுக்கும் ஊட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க."

வீட்டில் சொன்னபோது என் கணவர் சிரித்தார். "அப்ப நானும் வாரேன். நீ பொரண்டா எங்கூடவே பொரளு."

அவர் தூத்துக்குடிப் பக்கம். நிட்டிங் மெஷின் ஃபிட்டராக இந்த ஊருக்கு வந்தவர். இப்போது மங்கலம் சாலையில் சொந்தமாக ஒரு சிறிய நிட்டிங் யூனிட் நடத்துகிறார். நான் மங்கலத்தில் தறிக்காரர் வீட்டுப் பெண். எங்கள் வீட்டில் முருகன் படம், அவர் வீட்டில் மாதா படம். கல்யாணத்துக்கு நடந்த சண்டையெல்லாம் ஓய்ந்து, இரண்டு படங்களும் ஒரே சுவரில் தொங்கிக்கொண்டிருந்த காலம் அது. வகுப்பில் எனக்கு அவர்தான் ஜோடி. வேறு யாருடனும் பயிற்சி செய்யச் சொல்லத் தம்பிக்குக் கூச்சம்.

ஒருவர் மல்லாந்து கிடந்து, எதிராளியைத் தன் இரண்டு கால்களுக்கு நடுவே அடைத்து வைத்துக்கொள்வதற்குக் கார்டு என்று பெயர். கீழே கிடப்பதாலேயே தோற்றுவிட்டதாக ஆகாது. அங்கிருந்தபடியே மேலிருப்பவரைப் புரட்டிவிட்டு மேலே வருவது ஸ்வீப். இரண்டுக்கும் அடிப்படை பிடி. கீ என்கிற கெட்டியான நெசவுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஒருவர் கழுத்துப் பட்டைக்குள்ளும் சட்டைக் கைக்குள்ளும் மற்றவர் விரல் நுழைத்து இறுக்க வேண்டும். உலகத்துக்கே டீ-சர்ட் தைத்து அனுப்புகிற ஊரில் அந்தச் சட்டையை மட்டும் வெளியூரிலிருந்து வரவழைத்தோம். எங்கள் ஊர்த் துணி பின்னல் துணி. பிடித்து இழுத்தால் கூடவே வரும். கீயின் நெசவுத் துணி நீளாது.

நான் விடாமல் முயன்றது கத்தரி ஸ்வீப். ஒரு கையில் அவர் கழுத்துப் பட்டை, மறு கையில் அவருடைய வலது சட்டைக் கை. ஒரு காலை அவர் வயிற்றுக்குக் குறுக்கே வைத்து, இன்னொரு காலை அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் தரையோடு படுக்கவைத்து, அவரை என்மேல் இழுத்துச் சாய்த்துவிட்டு இரண்டு காலையும் கத்தரி மாதிரி வீச வேண்டும். சட்டைக் கையை விட்டுவிட்டால் காரியம் கெட்டது. எதிராளி அந்தக் கையைத் தரையில் ஊன்றிக்கொள்வார், அப்புறம் அசைக்க முடியாது. என் கணவர் ஒவ்வொரு தடவையும் என் பிடியை உதறிவிட்டுக் கையை ஊன்றிக்கொள்வார். இரண்டு வருடமாக இதேதான் நடந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் என் பிடி கழன்றுவிட்டது. அவர் வலது கையை விடுவித்துத் தரையில் ஊன்றியும்விட்டார். பழக்கதோஷத்தில் நான் காலை வீசினேன். ஊன்றிய கை நிற்கவில்லை. மணிக்கட்டு மடங்கி, அவர் தோளோடு சரிந்தார். அது கைதட்டியவர்களுக்குத் தெரியாது. தப்பாகச் செய்த ஸ்வீப் பலித்துவிட்டது என்பது எனக்கு மட்டும் தெரியும்.

ஸ்கூட்டரில் வரும்போது கேட்டேன். "கை என்னாச்சுங்க?"

"என்ன ஆச்சு? நீ கவுத்துட்ட. ரெண்டு வருஷமாப் பண்ணுத, ஒருநாள் வராமலா போவும்?"

"நான் சட்டையை விட்டுட்டேனுங்க. நீங்க கையை ஊனீட்டீங்க."

"ஊனுனது வழுக்கிட்டு. வேர்வை."

அதற்குப் பிறகு அவரைக் கவிழ்ப்பது எளிதாகிக்கொண்டே போனது. தம்பி என்னை முன்னால் நிறுத்தி மற்றவர்களுக்குச் செய்துகாட்டச் சொன்னார். செய்துகாட்டினேன். மனதுக்குள் எனக்கு ஒவ்வொரு முறையும் ஏதோ அறுந்து விழுகிற மாதிரி இருந்தது. முன்பெல்லாம் அவர் என் கழுத்துப் பட்டையைப் பிடித்தால் இரண்டு கையாலும் தள்ளி, இடுப்பைத் தூக்கி, முழு உடம்பையும் முறுக்கினால்தான் கழலும். இப்போது தோளை லேசாகத் திருப்பினாலே கழன்றது. மல்லாந்து கிடக்கும்போது அவர் கை என் கண்ணுக்கு நேர் கீழே இருக்கும். ஒருநாள் பார்த்தேன். மூன்று விரல்கள் பட்டைக்குள் மடங்கியிருந்தன. சுண்டுவிரல் மட்டும் மடங்காமல் விலகி நின்றது.

"சுண்டுவிரலையும் மடக்குங்க" என்றேன்.

"மடக்கித்தான இருக்கேன்" என்றார். அவர் தன் கையைப் பார்க்கவில்லை.

ஒருநாள் மதியம் சாம்பிள் துணி வாங்க அவருடைய யூனிட்டுக்குப் போனேன். நிட்டிங் மெஷினைச் சுற்றி வட்டமாக ஊசிகள் நெருக்கமாக நிற்கும். ஒன்று உடைந்தாலும் துணியில் மேலிருந்து கீழே கோடு விழுந்துவிடும். உடைந்த ஊசியை எடுத்துவிட்டுப் புதிதாகச் செருகுவது அவருக்குச் சட்டைப் பொத்தான் போடுவது மாதிரி, பேசிக்கொண்டே செய்வார். அன்று பேசவில்லை. ஊசி கையிலிருந்து விழுந்தது. எடுத்தார், மறுபடியும் விழுந்தது. நான் வந்து நிற்பதைக் கண்டதும், "எண்ணெய்க் கை" என்று சொல்லிப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார். கையில் எண்ணெய் இருந்தது உண்மைதான். அது எத்தனையோ வருடமாக இருக்கிற எண்ணெய்.

டாக்டரிடம் போகலாம் என்றேன். "மெஷின்லயே கெடந்தா கை மரக்கத்தான் செய்யும். பாத்துக்கிடலாம்" என்றார். இன்ன நோய் என்று பெயர் சொன்னால் வாதாடலாம். உங்கள் பிடி சரியில்லை, அது என் கழுத்துக்குத் தெரிகிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது?

அடுத்து நடந்ததுதான் வகுப்பையே குழப்பிவிட்டது.

பிரின்டிங் யூனிட் வைத்திருக்கிற ராஜஸ்தான்காரர் ஒருவர் எங்களோடு பயின்றார். அமைதியான மனிதர். தமிழ் நன்றாகப் பேசுவார். அன்று என் கணவர் மேலே இருந்து, அவர் கழுத்துப் பட்டையைக் குறுக்காகப் பிடித்து இறுக்கினார். அது கழுத்தை நெரிக்கிற பிடி. தாங்க முடியாதவர் எதிராளியின் உடம்பில் இரண்டு தட்டுத் தட்டுவார், அந்த நொடியே விட்டுவிட வேண்டும். அந்த விளையாட்டில் எதை மீறினாலும் அதை மீறக்கூடாது. அவர் தட்டினார். என் கணவர் விடவில்லை. மறுபடி தட்டினார். பிறகு நெரிந்த குரலில் "சோடோ, பையா, சோடோ" என்று இந்தியில் கெஞ்சினார். விடு, விடு என்று. தம்பி பாய்ந்து வந்து என் கணவரின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார். ராஜஸ்தான்காரர் உருண்டு போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பி இருமினார். கண் சிவந்து நீர் வடிந்தது.

தம்பி மூச்சு வாங்க நின்றார். "அண்ணா, தட்டுனா உட்டறோணுமுங்க. இங்க சட்டம்னு இருக்கறது அது ஒன்னுதானுங்க."

"விட்டுட்டேன்" என்றார் என் கணவர்.

"உடலீங்கண்ணா. நான்தான் பிரிச்சு எடுத்தேன்."

"நான் விட்டேன் தம்பி."

என் கணவர் வலது கையை மடியில் மல்லாக்க வைத்து, அது இன்னொருவர் கை மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். ராஜஸ்தான்காரர் "பரவால்ல, விளையாட்டுதானே" என்றார். ஆனால் அடுத்த சுற்றுக்கு வேறு ஆளோடு போய் உட்கார்ந்தார். மற்றவர்களும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு ஆளுக்கொரு ஜோடியாகிவிட்டார்கள். என் கணவர் சுவரோரம் தனியாக இருந்தார்.

பிடிக்க முடியாத கை, விடவும் முடியாமல் போனது எப்படி என்று எனக்குப் புரியவில்லை. புரியாததுதான் கூடுதல் பயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது அவராகவே சொன்னார். "விடுன்னுதான் சொன்னேன் பிள்ள. கை கேக்கல."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு தொடர்ந்தார். "குனிஞ்சா முதுகுக்குள்ள கரன்ட் அடிச்சாப்ல இருக்கு. கால் வரைக்கும் போவுது."

"எப்ப இருந்துங்க?"

"கிறிஸ்மஸ் சமயத்துல இருந்து."

அப்போது வெயில் காலம் தொடங்கிவிட்டிருந்தது. இத்தனை மாதமாக ஷூ மாட்டக் குனியும்போதும், முகம் கழுவக் குனியும்போதும் உடம்புக்குள் மின்சாரம் பாய, அவர் வாயைத் திறக்காமல் என்னோடு விளையாடப் படியேறி வந்திருக்கிறார்.

கோயமுத்தூரில் நரம்பு டாக்டரிடம் நேரம் வாங்கினேன். அதற்கு முன்பு வந்த ஞாயிற்றுக்கிழமை, வகுப்புக்குப் போக வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். "போவலன்னா வேணுமின்னே கழுத்த நெரிச்சேன்னு ஆயிரும்" என்றார். அந்த ராஜஸ்தான்காரரிடம் முதலில் மன்னிப்புக் கேட்டார். அவரும் பெரிய மனதோடு தோளில் தட்டி, தானே ஜோடியாக வந்தார். இந்த முறை என் கணவர் கீழே, கார்டில். ராஜஸ்தான்காரர் அதை உடைப்பதற்கு, எல்லோரும் செய்வதுபோல, அவர் இரண்டு தொடைகளையும் அணைத்துத் தூக்கி முன்னால் தள்ளினார். என் கணவரின் முழங்கால்கள் காதுக்குப் பக்கத்தில் வந்தன. உடம்பின் எடை முழுவதும் கழுத்தில் இறங்கியது. நான் எத்தனையோ தடவை செய்திருக்கிறேன், எனக்கும் என் கணவர் செய்திருக்கிறார். ஒன்றும் ஆவதில்லை.

அவர் தட்டவில்லை. தட்ட வேண்டிய கை பக்கத்தில் சும்மா கிடந்தது.

"உடுங்க, உடுங்க" என்று நான்தான் போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தேன். ராஜஸ்தான்காரர் சட்டென்று விலகினார். என் கணவர் கண் திறந்துதான் இருந்தார். முகம் வெளிறியிருந்தது. எழுந்திருக்கப் பார்த்தார், கால் பின்னியது. இருவர் தாங்கிக்கொண்டுபோய்ச் சுவரில் சாய்த்து உட்காரவைத்தோம்.

"கால் மரத்துப் போச்சு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "வந்துட்டு, வந்துட்டு" என்று கால் விரல்களை அசைத்துக் காட்டினார். அசைந்தன. ஆனால் டாக்டரிடம் போவதைப் பற்றி அதன் பிறகு அவர் மறுப்புச் சொல்லவில்லை.

தம்பியே கார் எடுத்துக்கொண்டு வந்தார். அவிநாசி ரோட்டில் ஒவ்வொரு மேம்பாலமாக ஏறி இறங்கும்போதும் என் கணவர் கால் விரல்களை அசைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார்.

டாக்டரம்மா சின்ன வயதுக்காரர். என் கணவரின் வலது கையை நீட்டச் சொல்லி, வேகமாக மூடி மூடித் திறக்கச் சொன்னார். அவரால் மூட முடிந்தது. திறப்பதற்குத்தான் நேரம் பிடித்தது. ஒவ்வொரு முறையும் விரல்கள் உத்தரவுக்குக் காத்திருந்து திறந்தன. அடுத்து டாக்டரம்மா அவருடைய நடுவிரல் நகத்தைச் சுண்டினார். தொடாத கட்டைவிரல் தானாகத் துள்ளியது. இன்னொரு முறை சுண்டினார். மறுபடி துள்ளியது. டாக்டரம்மாவின் முகத்தில் எதுவும் தெரியவில்லை. நான் அந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன வேலைங்க? எக்சர்சைஸ் ஏதாவது உண்டுங்களா?"

நான் விளையாட்டைச் சொன்னேன். கழுத்தில் எடை இறங்குவதைப் பற்றிச் சொல்லும்போது அவர் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டார். நர்ஸைக் கூப்பிட்டு முதலில் கழுத்தை அசையாமல் தாங்குகிற பட்டையைக் கொண்டுவந்து கட்டச் சொன்னார். என் கணவர் ஸ்கேனுக்குப் போக எழுந்தார்.

"நீங்க நடக்க வேண்டாமுங்க. வீல்சேர் வரும்."

"நான் நடந்துதானம்மா வந்தேன்."

"தெரியுமுங்க. இனிமே வேண்டாம்."

உள்ளே நடந்து போனவரை வெளியே தள்ளிக்கொண்டு வந்தோம்.

ஸ்கேன் படத்தைத் திரையில் போட்டுக் காட்டினார்கள். கழுத்தெலும்புகளுக்கு நடுவே தண்டுவடம் வெள்ளையாக ஓடிவந்து, ஓர் இடத்தில் நசுங்கி நூலாகியிருந்தது. "கைக்கு வர்ற சேதி இங்கதானுங்க தட்டுப்படுது. பிடிக்கச் சொல்ற சேதி, விடச் சொல்ற சேதி ரெண்டுமே" என்றார் டாக்டரம்மா. பிறகு குரலைத் தணித்து, "வேகமா ஒரு அதிர்ச்சி பட்டிருந்தாப் போதுமுங்க, கழுத்துக்குக் கீழ எதுவுமே இல்லாமப் போயிருக்கும்" என்றார்.

நான் அவரைக் கவிழ்த்த நாட்கள் எல்லாம் அப்போது வரிசையாக நினைவுக்கு வந்தன. ஒவ்வொரு முறை அவர் சரிந்தபோதும் தலை எந்தப் பக்கம் விழுந்தது என்று யோசித்துப் பார்த்தேன். ராயபுரத்து வேகத்தடைகளில் ஸ்கூட்டர் குதித்தது நினைவுக்கு வந்தது. அவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, பட்டை கட்டிய கழுத்தைத் திருப்ப முடியாமல், கண்ணை மட்டும் திருப்பி என்னைத் தேடினார்.

"விளையாட்டுனால வந்ததுங்களா?" என்று கேட்டேன்.

"அப்படிச் சொல்லிற முடியாதுங்க. தண்டுவடம் போற பாதை பிறவியிலேயே குறுகலா இருக்கு. விளையாட்டும் ஒரு காரணமா இருக்கலாம். இல்லாமயும் இருக்கலாம்."

அந்த 'லாம்' என்கிற பதில் இன்றுவரை என்னோடு இருக்கிறது. அவருடைய அம்மா ஊரிலிருந்து போனில் கேட்டார். "நீதான மவளே அவன அங்க கூட்டிட்டுப் போன?"

"ஆமாங்கத்தை" என்றேன். அவர் அழுதார். நான் போனை வைக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

ஆபரேஷன் இனி மோசமாகாமல் தடுப்பதற்குத்தான், போனதைத் திருப்பித் தருவதற்கு இல்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். கழுத்தின் முன்பக்கம் திறந்து, அழுத்திய எலும்பைச் செதுக்கி எடுத்துவிட்டுத் தகடு வைத்தார்கள். நானும் தம்பியும் வெளியே உட்கார்ந்திருந்தோம். ராஜஸ்தான்காரர் மனைவியோடு வந்து, எங்களுக்குச் சாப்பாடு வைத்துவிட்டு, எதிர் வரிசையில் உட்கார்ந்தார். அன்று தள்ளியது தான்தான் என்பதை அவரும் மறந்திருக்க மாட்டார். சாயங்காலம் கதவைத் திறந்து, கை கால் அசைகிறது என்று சொன்னார்கள். ராஜஸ்தான்காரர் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு எழுந்து நின்றார்.

என் கணவருக்குக் கையில் கொஞ்சம் பலம் திரும்பியது. டம்ளர் பிடிக்கிறார், கையெழுத்துப் போடுகிறார். சட்டைப் பொத்தானுக்கு மட்டும் நான் வேண்டும். ஊசி மாற்ற ஒரு ஃபிட்டரை வைத்திருக்கிறார். மெஷின்களுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்து சத்தத்தைக் கேட்டே எந்த மெஷினில் கோளாறு என்று சொல்லிவிடுகிறார். முன்னைவிடக் குறைவாகப் பேசுகிறார்.

சில மாதம் கழித்து நான் ஒருமுறை வகுப்புக்குப் போனேன். இப்போது அங்கே நாலைந்து பெண்கள் இருக்கிறார்கள். காலேஜ் லெக்சரர் ஒருவர் எனக்கு ஜோடி. நல்ல பலசாலி. நான் மல்லாந்து படுத்து அவரைக் கார்டில் அடைத்தேன். அவர் என் கழுத்துப் பட்டையைப் பிடித்தார். ஸ்வீப் செய்வதற்குப் பதிலாக நான் அவருடைய விரல்களையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். ஐந்தும் சரியாக மடங்கியிருக்கின்றனவா என்று. "என்னாச்சுங்க மேடம்?" என்று அவர் கேட்டார். தலை வலிக்கிறது என்று எழுந்துவிட்டேன். தம்பி படிவரை வந்து, "எப்ப வேணும்னாலும் வாங்க்கா" என்றார். அதற்குப் பிறகு போகவில்லை.

கழுத்தில் ஆபரேஷன் செய்த இடத்துக்குக் கீழே இன்னோர் இடமும் குறுகலாகத்தான் இருக்கிறது, கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருந்தார். கவனிக்கிறேன். அவர் தூங்கும்போதும் சாப்பிடும்போதும் கவனிக்கிறேன். அதை அவரும் கவனிக்கிறார் என்று தெரியும்.

போன வாரம் காலையில் யூனிட்டுக்கு எதிரே இருவரும் டீ குடித்துவிட்டுச் சாலையைக் கடந்தோம். அவர் முன்னால் போனார். அவருடைய இடது செருப்பு தரையைத் தேய்த்தது. வலது செருப்பில் அந்தச் சத்தம் இல்லை. எதிர்ப்பக்கம் போய்ச் சேரும்வரை கேட்டுக்கொண்டே வந்தேன்.

"ஏனுங்க, கோயமுத்தூருக்கு இன்னிக்கே போன் பண்றேனுங்க" என்றேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை.

"பண்ணு" என்றார்.